ஊட்டி மலை ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லையா? எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் ஊட்டி சேரும் மலை ரயில் நாளுக்கு ஒன்றுதான். பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி மாலையில் கீழே வந்து சேரும் வண்டியும் ஒன்றுதான். கோடை விடுமுறை வந்தால் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று மூன்று மாநிலத்துக் குடும்பங்களும் இந்த ஒரே வண்டியைத்தான் குறிவைக்கின்றன.

இன்னும் பத்து பெட்டி சேர்த்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். சேர்க்க முடியாது. மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த நிலையமான கல்லாறு தாண்டியதும் தண்டவாளம் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. இந்தியாவிலேயே இதைவிடச் செங்குத்தான ரயில் பாதை இல்லை. வெறும் இரும்புச் சக்கரத்தை நம்பி அதில் ஏற முடியாது என்பதால், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறுகிறது. அதுவும் எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது, மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல். சில பெட்டிகளுக்கு மேல் அதால் தள்ள முடியாது. 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை இது. 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இருக்கிற இருக்கை அவ்வளவுதான், இனியும் பெரிதாகக் கூடப்போவதில்லை.

அதனால் டிக்கெட் கிடைக்காததற்கெல்லாம் செல்போனும் இணைய வேகமும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். சில இடத்தில் தவறு நம் முறையில் இருக்கும், அதைச் சரிசெய்யலாம். சில இடத்தில் கேட்கிற தேதியும் திசையுமே தவறாக இருக்கும், அங்கே எவ்வளவு வேகமாக விரலை ஓட்டினாலும் பலன் இல்லை. உங்கள் நிலைமை கீழே எதில் வருகிறதோ அங்கிருந்து படியுங்கள்.

ரயிலே திரையில் வரவில்லை

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு என்று தேடினால் எதிர்பார்த்த ரயில் வராது. கோவையிலிருந்து ஊட்டிக்கு நேர் ரயில் கிடையாது. மலை ரயில் அகலம் குறைந்த மீட்டர் கேஜ் பாதை, அது தொடங்குவதே மேட்டுப்பாளையத்தில்தான். புறப்படும் இடத்தில் எம்.டி.பி. (MTP), சேரும் இடத்தில் யு.ஏ.எம். (UAM) என்று நிலையக் குறியீட்டையே போடுங்கள். ஊட்டி நிலையத்தின் பெயர் உதகமண்டலம் என்றுதான் பட்டியலில் இருக்கும். மேலே போகும் வண்டியின் எண் 56136, கீழே வருவது 56137. கொரோனாவுக்குப் பிறகு சில வருடம் 06136 என்று சிறப்பு ரயில் எண்ணில் ஓடியதால் பழைய குறிப்புகளில் அந்த எண்ணே இருக்கும், அதை வைத்துத் தேடிக் குழம்ப வேண்டாம்.

குன்னூருக்கு ஓ.என்.ஆர். (ONR). இந்தக் குறியீட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மிகவும் உதவும்.

தேடலில் ஸ்லீப்பர் அல்லது ஏ.சி. வகுப்பைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாலும் இந்த வண்டி மறைந்துவிடும். இதில் இருப்பது முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பு இருக்கையும்தான். எல்லா வகுப்பும் என்று வைத்துத் தேடுங்கள்.

காலை எட்டு மணிக்கே உட்கார்ந்தேன், ஏற்கனவே வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது

பெரும்பாலும் நாள் கணக்கில்தான் தவறு இருக்கும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் பின்னோக்கி எண்ணவேண்டும். மே 10-ஆம் தேதி பயணம் என்றால் மார்ச் 11 காலை 8 மணிக்குத் திறக்கும். பயண நாளையும் சேர்த்து எண்ணி மார்ச் 12 காலை உட்கார்ந்தால் ஒரு நாள் பின்தங்கிவிட்டீர்கள், மே மாதத்து டிக்கெட்டுக்கு அந்த ஒரு நாள் தாங்காது. கேலண்டரை எடுத்து விரல் வைத்து எண்ணுங்கள், அல்லது முந்தின நாளே தளத்துக்குள் போய்க் கடைசியாக எந்தத் தேதி வரை திறந்திருக்கிறது என்று பாருங்கள். அது எப்போதும் சரியாகச் சொல்லும்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு சென்னை சென்ட்ரலில் கிளம்பி மறுநாள் அதிகாலை மேட்டுப்பாளையம் வருகிறது, அதில் வந்து இறங்கி மலை ரயிலைப் பிடிப்பதுதான் பலரின் திட்டம். மே 10 காலை மலை ரயில் வேண்டுமென்றால் எக்ஸ்பிரஸ் டிக்கெட் மே 9-க்கு எடுக்கவேண்டும், அது மார்ச் 10-ஆம் தேதியே திறந்துவிடும். அதாவது சென்னை டிக்கெட்டை ஒரு நாள் முன்பும் மலை ரயில் டிக்கெட்டை மறுநாளும் தனித்தனியாக எடுக்கவேண்டும். முதல் நாள் எடுத்த நிம்மதியில் இரண்டாம் நாளைத் தவறவிடும் குடும்பங்கள் நிறைய. இரண்டு காலைக்கும் அலாரம் வையுங்கள். மலை ரயில் கிடைக்காவிட்டால் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை ரத்துசெய்ய வேண்டியதில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறிப் போகலாம்.

பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மார்ச்சிலேயே மே மாத டிக்கெட் திறந்து தீர்ந்துவிடுகிறது. பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வீடுகளுக்குத்தான் ஏமாற்றம் அதிகம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம். பரீட்சைக்குப் படித்துக் களைத்த பிள்ளைக்குக் காட்டத்தான் இந்த ரயிலையே பலர் நினைக்கிறார்கள்.

ஆதார் கேட்டு நிறுத்திவிடுகிறது

2025 அக்டோபர் 1 முதல், முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகள் மட்டுமே இணையத்தில் டிக்கெட் எடுக்கலாம் என்று ரயில்வே கொண்டுவந்தது. பிறகு அந்த நேரத்தை நீட்டித்தும் விட்டார்கள். மலை ரயில் மாதிரி வண்டிக்கு முதல் 15 நிமிடத்துக்குப் பிறகு மிஞ்சுவது எதுவுமில்லை என்பதால், ஆதார் சரிபார்க்காத கணக்கோடு சீசன் டிக்கெட்டுக்கு உட்காருவதில் பயனே இல்லை.

உங்கள் கணக்குப் பகுதிக்குள் போய் ஆதார் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும், போட்டால் முடிந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே தடங்கல் வருவது பெரும்பாலும் இனிஷியலால்தான். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், கணக்கில் முன்னால் இருக்கும், அல்லது ஒன்றில் அப்பா பெயர் முழுதாக நீண்டு இன்னொன்றில் ஒற்றை எழுத்தாக நிற்கும். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கும்படி கணக்கைத் திருத்துங்கள். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் பழையதாக இருந்து ஓ.டி.பி. வேறெங்கோ போனால், முதலில் ஆதாரில் எண்ணை மாற்றித்தான் ஆகவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே இதை டிக்கெட் திறக்கும் காலையில் செய்யாதீர்கள், இப்போதே செய்துவிடுங்கள்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆதார் சரிபார்த்த கணக்கில் மாதம் 24 டிக்கெட் எடுக்கலாம், மற்றதில் 12.

வீட்டில் யாரிடமும் சரிபார்த்த கணக்கு இல்லையா? ரயில் நிலைய முன்பதிவு கவுண்டரும் அதே எட்டு மணிக்குத்தான் திறக்கிறது. கூட்டம் குறைந்த சின்ன ஊர் நிலையத்தில், படிவத்தை முன்பே நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பது இன்றைக்கும் நல்ல வழி. மூன்றாவது ஆள் என்றாலே சந்தேகம்தான்.

இருக்கை இருக்கிறது என்று காட்டியது, பணம் கட்டி முடிப்பதற்குள் போய்விட்டது

திரையில் இருக்கை இருப்பதாகக் காட்டுவது அந்த நொடியின் நிலவரம் மட்டும்தான். உங்களுக்காக அதை யாரும் பிடித்து வைப்பதில்லை, பணம் போய்ச் சேர்ந்து டிக்கெட் உருவாகும்போதுதான் இருக்கை உங்களுடையது. ஆகவே நேரம் எங்கே வீணாகிறது என்று பாருங்கள்.

பெயர், வயது தட்டுவதில் வீணாகலாம். கணக்கில் பயணிகள் பட்டியலை முன்பே சேமித்து வைத்தால் அந்தக் காலையில் பெயரைத் தொட்டால் போதும். கார்டு எண், வங்கிப் பக்கம், ஓ.டி.பி. என்று பணம் கட்டும் பகுதியில் வீணாகலாம். ஐ.ஆர்.சி.டி.சி.யின் சொந்த வாலட்டில் முன்கூட்டியே பணம் போட்டு வைப்பது வேகமானது, அடுத்தபடி யு.பி.ஐ. யு.பி.ஐ. என்றால் பணம் அனுப்பும் செயலியை முன்பே திறந்து வையுங்கள்.

உள்ளே நுழைவதிலேயும் நேரம் போகும். எட்டு மணிக்கு லாகின் பண்ண ஆரம்பித்தால் தாமதம். எட்டுக்குச் சில நிமிடம் முன்பு உள்ளே போய், சும்மா விடாமல் எதையாவது தொட்டுக்கொண்டே இருங்கள், அசையாமல் விட்டால் தளம் வெளியே தள்ளிவிடும். ஒரே கணக்கை செல்போனிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள், ஒன்று மற்றொன்றை வெளியேற்றும். இரண்டு கருவியில் முயலவேண்டுமென்றால் கணவன் ஒரு கணக்கு, மனைவி ஒரு கணக்கு என்று வேறு வேறாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி முயலும்போது ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவர் உடனே நிறுத்தவேண்டும். இரண்டு பேரும் எடுத்துவிட்டு ஒன்றை அப்படியே போட்டு வைப்பது, அந்த இருக்கை கிடைக்காமல் தவிக்கும் இன்னொரு குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

உறுதியான இருக்கை கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்று ஒரு தேர்வுக் கட்டம் இருக்கிறது. அதைத் தொட்டு வைத்தால் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் தலையில் விழாது. ஆனால் ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இதுவே எதிராகவும் திரும்பும்: நாலு இருக்கைதான் மிச்சம் என்றால் ஆறு பேருக்கும் டிக்கெட் உருவாகாது. பெரிய குடும்பம் என்றால் மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு பேர் தனித்தனிக் கணக்கில் எடுங்கள். ஒரு டிக்கெட்டில் குழந்தைகள் மட்டும் மாட்டிக்கொள்ளாதபடி பெரியவர்களைப் பங்கிட்டு வையுங்கள். பெட்டி மாறி உட்கார்ந்தால் என்ன, வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை

பதறி உடனே இரண்டாவது முறை பணம் கட்டாதீர்கள். முதலில் கணக்கில் எடுத்த டிக்கெட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். திரை நின்றுபோனாலும் சிலசமயம் பி.என்.ஆர். உருவாகியிருக்கும். அங்கே இல்லையென்றால் தோல்வியடைந்த பரிவர்த்தனைகள் பகுதியில் இருக்கும். பி.என்.ஆர். உருவாகாத பணம் தானாகவே அதே வங்கிக் கணக்குக்குத் திரும்பும், சில வேலை நாள் ஆகும். பரிவர்த்தனை எண்ணை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது போன் செய்தாலோ லிங்க் அனுப்பினாலோ தொடவே தொடாதீர்கள். பணம் திரும்புவதற்கு உங்கள் ஓ.டி.பி.யோ யு.பி.ஐ. ரகசிய எண்ணோ தேவையே இல்லை.

வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறது, உறுதியாகுமா?

இந்த வண்டியில் இருக்கை வகுப்பு என்பதால், ஸ்லீப்பரில் போல ஆர்.ஏ.சி. கிடைத்துப் பாதி இடத்தில் உட்கார்ந்து போகும் வழி இல்லை. உறுதியாகும் அல்லது ஆகாது. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். பொதுப் பட்டியலான ஜி.என்.டபிள்யூ.எல். நகர்வதுபோல, இடைப்பட்ட ஊர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கும் பி.கியூ.டபிள்யூ.எல். நகராது. முழுப் பாதைக்கும் டிக்கெட் எடுத்தவர்கள் ரத்துசெய்தால்தான் பொதுப் பட்டியல் நகரும், மே மாதத்தில் அப்படி ரத்துசெய்பவர்கள் குறைவு. சாதாரண வார நாளில் ஓரிரு எண் இருந்தால் எனக்கு நம்பிக்கை உண்டு. மே சனிக்கிழமையில் இரட்டை இலக்கம் என்றால் வேறு ஏற்பாட்டைப் பார்த்துவிடுங்கள்.

வண்டி காலை 7.10-க்குக் கிளம்புவதால் யாருக்கு இருக்கை என்று முடிவாகும் இறுதிப் பட்டியலான சார்ட் முந்தைய நாள் இரவே தயாராகிவிடும். விடியற்காலை வரை காத்திருக்காமல் இரவே முடிவு தெரிந்துவிடும் என்பது ஒரு வசதி. இணையத்தில் எடுத்த டிக்கெட் அப்போதும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. கவுண்டரில் எடுத்தது அப்படித் தானாக ரத்தாகாது. வண்டி கிளம்புவதற்கு முன்பே நீங்களாக ரத்துசெய்து பணத்தை வாங்கவேண்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டும் முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது, 2025 மே 1 முதல் அதைக் கண்டிப்பாகவே நடைமுறைப்படுத்துகிறார்கள்.

சார்ட் போட்ட பிறகும் இருக்கை மிஞ்சினால் கரண்ட் புக்கிங்கில் வரும். மழைக்கால வார நாட்களில் இரவு ஒருமுறை பார்ப்பது நல்லது. முன்பதிவில்லாத இருக்கைகளும் கொஞ்சம் உண்டு. அதற்கு மேட்டுப்பாளையம் நிலையத்தில் விடியுமுன் வந்து வரிசையில் நிற்கிறார்கள். தனியாக வரும் இளைஞர்களுக்கு அது சரி. வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அதை நம்பிப் புறப்படாதீர்கள்.

எந்தத் தேதியைத் தொட்டாலும் இல்லை

முக்கியமான இடம் இதுதான். மேலே சொன்னதெல்லாம் சரியாகச் செய்தும் கிடைக்கவில்லை என்றால் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது என்ன? நீராவி எஞ்சின், பல்சக்கரப் பாதை, குகை, பாலம், காடு. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். இதில் மிக அழகான, மிகச் செங்குத்தான பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. அப்படியென்றால் வேண்டியது மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பகுதி, அது மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் ஒன்றே.

எல்லோரும் ஏறுவதற்கு ரயிலும் இறங்குவதற்கு பஸ்ஸும் என்று திட்டம் போடுகிறார்கள். நீங்கள் திருப்பிப் போடுங்கள். காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறி, ஊட்டியில் தங்கி, திரும்பும்போது 2 மணி வண்டியில் இறங்குங்கள். இறங்கும் வண்டியின் டிக்கெட் பெரும்பாலும் ஏறும் வண்டியின் டிக்கெட்டைவிடத் தாமதமாகத்தான் தீரும். குன்னூரில் அதே நீராவி எஞ்சின் மாட்டுகிறார்கள், அதே காடு, அதே பாலங்கள். நேரமும் குறைவு: ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது, இறங்க மூன்றரை மணி நேரம் போதும். முழங்கால் வலிக்கும் பாட்டிக்கும் பொறுமை இல்லாத ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் பெரிது. மாலையில் கீழே வந்தால் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை போகலாம். இவ்வளவு வசதி இருந்தும் ஏறும் வண்டிக்கே எல்லோரும் முட்டுவது எனக்குப் புரியவில்லை.

அடுத்து, கிழமை. செவ்வாய், புதன், வியாழன் என்று தேடுங்கள். ஊட்டியில் மூன்று நாள் தங்குகிறவர்கள் ரயிலுக்காகப் பயண நாளை ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்தினால் போதும். அறையை முதலில் பதிவுசெய்துவிட்டு ரயிலைத் தேடுவதைவிட, ரயிலை உறுதிசெய்துவிட்டு அறை எடுப்பதே சரி. அறை நிறைய இருக்கிறது, ரயில் ஒன்றுதான்.

அடுத்து, மாதம். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கோபப்படுவார்கள், அது நியாயமும்தான். விடுமுறையில்தானே போக முடியும்? ஆனால் பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள், ஓய்வுபெற்றவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் தயவுசெய்து மே மாதத்தைத் தொடாதீர்கள். பொங்கல் கூட்டம் முடிந்த ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் குளிராகவும் வானம் தெளிவாகவும் இருக்கும். பள்ளி திறந்த ஜூனும் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிக்கெட் எளிதாகக் கிடைத்தாலும் அதில் வேறு ஆபத்து உண்டு, அடுத்து சொல்கிறேன்.

முழுப் பாதைக்கு இல்லையென்றால் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை போட்டுப் பாருங்கள். குன்னூரில் இறங்கி சிம்ஸ் பூங்கா பார்த்துவிட்டு ஊட்டிக்கு பஸ் பிடிக்கலாம். நீராவி வண்டி எந்த விதத்திலும் கிடைக்காதபோது, குன்னூர் முதல் ஊட்டி வரை ஒரு நாளில் சில முறை ஓடும் வண்டிகள் இருக்கின்றன. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக 19 கிலோமீட்டர். எஞ்சின் டீசல்தான், ஆனால் பெட்டியும் பாதையும் அதே மலை ரயில்தான். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக் கைதட்டும் சின்னப் பிள்ளைக்கு எந்த எஞ்சின் என்று தெரியவா போகிறது?

கோடையில் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம் சிறப்பு மலை ரயிலும் அறிவிக்கும். கட்டணம் கூடுதலாக இருக்கும், முன்பதிவு 60 நாள் கணக்கில் திறக்காமல் அறிவிப்பு வந்த பிறகு திறக்கும். மார்ச், ஏப்ரலில் செய்தித்தாளில் கோவைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அறிவிப்பு வந்த அன்றே எடுப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் இரட்டிப்பு விலை கேட்கிறார்

வேண்டாம். சொந்தக் கணக்கில் எடுத்த டிக்கெட்டை லாபத்துக்கு விற்பது ரயில்வே சட்டம் 1989-இன் 143-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை உண்டு. விற்பவருக்குத்தானே தண்டனை என்று நினைக்காதீர்கள். அந்த டிக்கெட் வேறு யாரோ பெயரில் இருந்தால், அடையாள அட்டை கேட்கும்போது வண்டியில் நிற்பது நீங்கள், உங்கள் பிள்ளைகள் முன்னால்.

அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் என்றால் அது வேறு. அவர்களுக்கும் முன்பதிவு திறக்கும் முதல் பத்து நிமிடம் அனுமதி இல்லை என்பதால், சீசனில் மலை ரயில் டிக்கெட் நிச்சயம் என்று சொல்லிப் பணம் வாங்கினால் அந்த நிச்சயம் எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள். கையில் டிக்கெட் வந்ததும் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு எத்தனை பேர், எந்தத் தேதி, உறுதியா என்று நீங்களே சரிபாருங்கள். பெயரும் வயதும் டிக்கெட்டில் உங்களுடையதாக இருக்கவேண்டும். சுற்றுலாத் தொகுப்பில் மலை ரயில் சேர்த்திருந்தால், எந்த வண்டி என்று எழுத்தில் வாங்குங்கள். ரயில் பயணம் என்று மட்டும் சொல்லிவிட்டு குன்னூர்–ஊட்டி டீசல் வண்டியில் ஏற்றுவதும் நடக்கிறது.

டிக்கெட் உறுதி, ஆனால் ரயிலையே ரத்துசெய்துவிட்டார்கள்

வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பகுதியில் மண்சரிந்து பாறை விழுவது அநேகமாக ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. பாதையைச் சுத்தம் செய்யும் வரை வண்டி ஓடாது, சில சமயம் பல நாள். இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. அந்தச் சரிவில் ஈர மண்ணுக்கு நடுவே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லவும் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பருக்குள் போகிறவர்கள் முந்தைய நாள் மாலையே 139-இல் கேளுங்கள், அல்லது ரயில்வேயின் நிலவரச் செயலியில் பாருங்கள். முழுதாக ரத்தானால் இணைய டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாக வரும், நீங்களாக ரத்துசெய்யாதீர்கள், செய்தால் கழிவு பிடிக்கலாம். கவுண்டர் டிக்கெட் என்றால் நேரில் கொடுத்து வாங்கவேண்டும். கீழ்ப்பகுதியில் மண் சரிந்திருந்தாலும் குன்னூர்–ஊட்டி வண்டிகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே பஸ்ஸில் குன்னூர் போய் அங்கே ரயில் ஏறலாம். சாலையும் அதே மலையில்தான் இருக்கிறது என்பதால், பலத்த மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

சரி, ரயில் வேண்டாம், காரில் போகிறோம் என்றால் இ-பாஸ் கேட்கிறார்கள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6000, சனி ஞாயிறில் 8000 வாகனம் என்று வரம்பும் வைத்தார்கள். ஆகவே சீசனில் கடைசி நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்ற நினைப்பு இப்போது வேலைக்கு ஆகாது. அரசுத் தளத்தில் பாஸ் எடுக்கப் பணம் எதுவும் இல்லை, காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். மே மாதத்தில் கார்கள் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாகவும் மாற்றுவார்கள், அறையை அதற்கேற்பப் பாருங்கள்.

அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை, ரயிலில் போகிறவர்களுக்கும் தேவையில்லை. மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து ஊட்டிக்கு அடிக்கடி வண்டி உண்டு. காரை மேட்டுப்பாளையத்திலேயே நிறுத்திவிட்டு காலை பஸ்ஸில் ஏறி, இரண்டு நாள் கழித்து 56137-இல் இறங்கி வந்து அதே காரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இறங்கும் டிக்கெட் மட்டும் போதும், அதுவும் மே 12 பயணம் என்றால் மார்ச் 13 காலை எட்டு மணிக்குத் திறக்கும்.